வெள்ளச் சமவெளி வீடுகளை அரசு விலைக்கு வாங்குதல்

வெள்ளச் சமவெளி வீடுகளை அரசு விலைக்கு வாங்குதல் என்பது, ஆறு அடிக்கடி கரைகடந்து பாயும் நிலத்தில் அமைந்த வீடுகளையும் மனைகளையும் அரசோ உள்ளாட்சி அமைப்போ உரிமையாளரிடமிருந்து பொதுப்பணத்தில் வாங்கி, கட்டடங்களை இடித்து, அந்நிலத்தை மீண்டும் ஆற்றுக்குரிய திறந்த வெளியாக விடும் நடைமுறை ஆகும். அணை, கரை, தடுப்புச்சுவர் போன்ற கட்டுமானங்கள் வெள்ளத்தை மனிதரிடமிருந்து விலக்கி வைக்க முயல்கின்றன. இம்முறை மனிதரை வெள்ளத்தின் பாதையிலிருந்து விலக்குகிறது.

ஐக்கிய அமெரிக்கா, நெதர்லாந்து, நியூசிலாந்து முதலிய நாடுகளில் இந்நடைமுறை பல வடிவங்களில் கையாளப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமாக உள்ளது ஆற்றங்கரை ஆக்கிரமிப்புகளை அகற்றி, அங்கு வாழ்ந்தோரை வேறிடத்தில் குடியமர்த்தும் நடைமுறையாகும். இரண்டிலும் ஆற்றுக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் முன்னதில் குடும்பம் தன் சொத்தை விற்றுப் பணத்துடன் வெளியேறுகிறது. பின்னதில் அரசின் அறிவிப்பைப் பெற்று வெளியேறுகிறது. இவ்வேறுபாடு பெரும்பாலும் நிலத்தின் மீதுள்ள ஆவண உரிமையைப் பொறுத்தது. தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு போன்ற மலையடி ஆற்றுப் பகுதிகளுக்கு இம்முறை எவ்வாறு பொருந்தும் என்பதை அறிய இதனை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளச் சமவெளி

ஆற்றின் இருபுறமும், பெருமழைக் காலங்களில் மட்டும் நீர் பரவும் தாழ்வான சமநிலம் வெள்ளச் சமவெளி எனப்படும். ஆறு பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து படிய விட்ட வண்டல் மண்ணால் இது உருவாகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் இந்நிலம் உலர்ந்து காணப்படுவதால் ஆற்றின் ஒரு பகுதியாக மக்கள் இதனைக் கருதுவதில்லை. எனினும் வெள்ளத்தின்போது இது மூன்று பணிகளைச் செய்கிறது:

* நீரைப் பரவவிட்டு அதன் வேகத்தைக் குறைக்கிறது.
* நீரைச் சில மணி நேரமோ சில நாட்களோ தேக்கி வைத்து, கீழ்ப்பகுதி ஊர்களுக்கு உச்ச வெள்ளம் ஒரே நேரத்தில் சென்று சேராமல் தடுக்கிறது.
* நீரின் ஒரு பகுதியை நிலத்தடிக்கு அனுப்புகிறது. வண்டலைத் தன்னிடம் நிறுத்திக்கொள்கிறது.

இந்நிலத்தில் வீடுகள் எழும்பும்போது நீர் பரவும் இடம் குறைகிறது. அதனால் அதே அளவு மழைக்கு நீர்மட்டம் முன்பைவிட உயர்ந்து, முன்னர் நீர் எட்டாத வீடுகளையும் எட்டுகிறது. ஆகவே வெள்ளச் சமவெளியில் கட்டப்படும் வீடு தனக்கு மட்டுமன்றி அண்டை வீடுகளுக்கும் இடரை உண்டாக்கலாம். பொதுப்பணத்தில் இத்தகைய வீடுகளை வாங்குவதற்குக் கூறப்படும் முதன்மையான நியாயம் இதுவே.

நடைமுறை

இத்திட்டங்களின் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் பொதுவான படிநிலைகள் பின்வருமாறு அமைகின்றன:

* வெள்ளத்தால் மீண்டும் மீண்டும் சேதமடையும் பகுதி வரைபடத்தில் வரையறுக்கப்படுகிறது.
* உரிமையாளருக்கு விலை முன்மொழியப்படுகிறது. வெள்ளத்தில் சேதமடைந்த வீட்டின் இன்றைய மதிப்பன்றி, வெள்ளத்திற்கு முந்தைய சந்தை மதிப்பே பெரும்பாலும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.
* உரிமையாளர் விரும்பினால் விற்கலாம், மறுக்கவும் செய்யலாம்.
* விற்பனை முடிந்தபின் வீடு குறிப்பிட்ட காலத்திற்குள் இடிக்கப்படுகிறது. கழிவுநீர், மின் இணைப்புகள் நீக்கப்படுகின்றன.
* அந்நிலத்தில் இனி வீடு கட்டக்கூடாது என்ற நிரந்தரக் கட்டுப்பாடு பத்திரத்திலேயே பதிவு செய்யப்படுகிறது.

கடைசிப் படிநிலையே இத்திட்டத்தை ஏனைய நிவாரணத் திட்டங்களிலிருந்து வேறுபடுத்துகிறது. அக்கட்டுப்பாடு இல்லையெனில், சில ஆண்டுகளில் அதே நிலத்தில் புதிய கட்டடங்கள் எழவும், அவற்றுக்காக மீண்டும் நிவாரணம் வழங்கவும் நேரிடும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்கா

விசுக்கான்சின் மாநிலத்தில் கிக்கப்பூ ஆற்றங்கரையில் உள்ள சோல்ச்சர்சு குரோவ் என்னும் சிற்றூர், தொடர்ந்த வெள்ளங்களுக்குப் பின் 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் தன் கடைத்தெருவை மேட்டு நிலத்திற்கு மாற்றியது. பழைய இடம் திறந்த வெளியாக விடப்பட்டது. 1993இல் மிசிசிப்பி, மிசௌரி ஆறுகளில் ஏற்பட்ட பெருவெள்ளம் இம்முறையைப் பரவலாக்கியது. அவ்வெள்ளத்தில் மூழ்கிய, சுமார் 900 பேர் வாழ்ந்த இல்லினாய் மாநிலத்தின் வால்மயர் என்னும் ஊர், அருகிலுள்ள மேட்டில் புதிதாக அமைக்கப்பட்டது. அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், இத்தகைய திட்டச் செலவில் 75 விழுக்காடு வரை கூட்டரசு ஏற்க வழிசெய்தது. கூட்டரசின் நிதியுதவி பெறும் திட்டங்களில், வாங்கப்பட்ட கட்டடம் 90 நாட்களுக்குள் அகற்றப்பட வேண்டும்; நிலம் என்றென்றும் திறந்த வெளியாகவே இருக்க வேண்டும். 1989 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் கூட்டரசு நிதியுதவியுடன் 40,000க்கும் மேற்பட்ட சொத்துகள் வாங்கப்பட்டன.

நெதர்லாந்து

1995ஆம் ஆண்டு வெள்ள அச்சத்தால் சுமார் 2,50,000 பேர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டதைத் தொடர்ந்து, கரைகளை மேலும் உயர்த்துவதைவிட ஆற்றுக்கு இடம் விடுவது நன்று என்ற கருத்து அந்நாட்டில் வலுப்பெற்றது. 'ஆற்றுக்கு இடம்' என்ற பொருள்படும் பெயரில் தொடங்கப்பட்ட திட்டம் 30க்கும் மேற்பட்ட இடங்களில் நிறைவேற்றப்பட்டது. நைமேகன் நகரில் வால் ஆற்றின் கரை சுமார் 350 மீட்டர் உள்வாங்கிக் கட்டப்பட்டது. அதற்காக ஏறத்தாழ 50 வீடுகள் அகற்றப்பட்டன. வேளாண் நிலமான ஓவர்டீப்சு பகுதியில், பண்ணை வீடுகள் சில உயர்ந்த மண்மேடுகளின் மீது மீண்டும் கட்டப்பட்டன. அங்கு நிலத்தில் வேளாண்மை தொடர்கிறது. பெருவெள்ளம் வரும்போது மட்டும் அது நீருக்கு விடப்படுகிறது.

நியூசிலாந்து

2010-2011 நிலநடுக்கங்களில் கிறைசுட்சேர்ச் நகரின் ஏவன் ஆற்றங்கரை நிலம் தாழ்ந்து, வெள்ள இடர் கூடியது. அந்நகரையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த சுமார் 8,000 வீடுகளை அரசு வாங்கியது. தொடக்கத்தில் காப்பீடு இல்லாத உரிமையாளர்களுக்கு நில மதிப்பில் பாதி மட்டுமே முன்மொழியப்பட்டது. அவர்கள் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே இடரைச் சந்தித்தவர்களை அவர்களிடமிருந்த ஆவணத்தைக் கொண்டு வேறுபடுத்தலாமா என்ற கேள்வியை இவ்வழக்கு எழுப்பியது. அதே கேள்வி தமிழ்நாட்டிலும் வேறு வடிவில் எழுகிறது.

இந்தியாவில்

மத்திய அரசு 1975இல் வெள்ளச் சமவெளி மண்டலப்படுத்தலுக்கான மாதிரிச் சட்ட முன்வரைவை மாநிலங்களுக்கு அனுப்பியது. ஆற்றுக்கு மிக அருகில் உள்ள மண்டலத்தில் குடியிருப்புகளைத் தவிர்த்து, பூங்கா, வேளாண்மை முதலியவற்றை மட்டும் அனுமதிப்பது இதன் அடிப்படையாகும். மணிப்பூர் (1978), இராசத்தான் (1990), சம்மு காசுமீர் (2005), உத்தராகண்டம் (2012) போன்ற ஒரு சில மாநிலங்களே இதனையொட்டிச் சட்டம் இயற்றின. 15ஆவது நிதிக்குழு, ஆற்று அரிப்பினாலும் கடலரிப்பினாலும் இடம்பெயர்ந்தோரை மீளக் குடியமர்த்த 2021-2026 காலத்திற்கு 1,000 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது.

தேனி மாவட்டத்தின் அண்டை மாநிலமான கேரளத்தின் 'புனர்கேகம்' திட்டம் விலைக்கு வாங்கும் முறைக்கு மிக நெருங்கியது. இது ஆற்றங்கரைக்கானது அன்று. கடற்கரையில் உயர்நீர்க் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் மீனவக் குடும்பங்களுக்கானது. பாதுகாப்பான இடத்தில் நிலம் வாங்க 6 இலட்சம், வீடு கட்ட 4 இலட்சம் என மொத்தம் 10 இலட்சம் ரூபாய் வரை குடும்பத்திற்கு வழங்க இத்திட்டம் வகை செய்தது. இதில் குடும்பமே புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்க இயலும்.

சென்னை: அகற்றலும் மறுகுடியமர்வும்

சென்னையில் கூவம், அடையாறு ஆகிய ஆறுகளின் கரையோரங்களில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் முதலிய இடங்களில் குடியமர்த்தப்பட்டன. 2015 திசம்பர் வெள்ளத்திற்குப் பின் இப்பணி விரைவுபடுத்தப்பட்டது. குடும்பங்களுக்குப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. இதனைத் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் மேற்கொண்டது. இவ்வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிய 58 ஏக்கர் நிலம் சீரமைக்கப்பட்டு 2011இல் சூழலியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இது தொல்காப்பியப் பூங்கா என அழைக்கப்படுகிறது. நகர ஆறு ஒன்றின் ஓரத்தில் திறந்த வெளியை மீட்டதற்குத் தமிழ்நாட்டில் உள்ள நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு இதுவாகும்.

மறுகுடியமர்வு குறித்து இரு குறைகள் தொடர்ந்து கூறப்படுகின்றன. முதலாவது, தொலைவு. நகரின் நடுப்பகுதியில் வீட்டு வேலை, கட்டட வேலை, மீன் விற்பனை முதலியவற்றைச் செய்தவர்கள் பல கிலோமீட்டர் தொலைவுக்கு மாற்றப்பட்டதால் வேலையை இழந்தனர். பிள்ளைகளின் படிப்பு இடையில் தடைபட்டது. இரண்டாவது, புதிய இடத்தின் தன்மை. செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில் உள்ளன. ஆற்று வெள்ளத்திலிருந்து காக்கப்படுவதற்காக மாற்றப்பட்டவர்கள் புதிய இடத்திலும் மழைநீர் சூழ வாழ நேர்ந்தது.

தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும்

ஆறுகள்

1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில், மேற்கே ஏல மலைக்கும் கிழக்கே மேகமலை - வருசநாட்டு மலைகளுக்கும் இடையே கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியன இதிலுள்ள முதன்மையான ஊர்கள். முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியே வரும் நீர் லோயர் கேம்ப் அருகே பள்ளத்தாக்கை அடைந்து, 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்குப் பாய்கிறது. மேகமலையில் தோன்றும் சுருளியாறு இதனுடன் கலக்கிறது. போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து கொட்டகுடி ஆறு வருகிறது. இந்நீர் யாவும் தேனிப் பகுதியில் வைகையைச் சேர்ந்து, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையை அடைகிறது. மாவட்டத்தின் வடபகுதியில் வராக நதி பெரியகுளம் நகரின் ஊடாகப் பாய்கிறது.

வெள்ளத்தின் தன்மை

முல்லைப் பெரியாறு அணை நிரம்பும்போது உபரிநீர் மேற்கே கேரளத்திற்குத்தான் செல்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிற்குச் சுரங்கம் கொள்ளும் அளவு நீர் மட்டுமே வர இயலும். எனவே இப்பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளத்திற்கு முதன்மையான காரணம் அவ்வணை அன்று. சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் பெய்யும் கனமழையே ஆகும். ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து ஓடைகள் குறுகிய தொலைவில் சமவெளிக்கு இறங்குவதால், மலையில் மழை பெய்வதற்கும் ஊருக்குள் நீர் வருவதற்கும் இடையே உள்ள நேரம் குறைவு. சுருளி, கும்பக்கரை ஆகிய அருவிகளில் நீர்வரத்து கூடும்போது குளிப்பதற்கு வனத்துறை உடனடியாகத் தடை விதிப்பதற்குக் காரணம் இதுவே.

வைகை அணைக்குக் கீழே நிலைமை வேறு. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதலாவது, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது வெள்ள எச்சரிக்கை விடப்படுகிறது. கரையோர மக்கள் வெளியேற இது அவகாசம் அளிக்கிறது. அணைக்கு மேலே, மலையோடைகளின் ஓரத்தில் வாழ்வோருக்கு இத்தகைய படிப்படியான அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே எச்சரிக்கை அமைப்பால் மட்டும் காக்க இயலாத வீடுகள் அங்குதான் மிகுதி. வீட்டையே இடம் மாற்றுவது பற்றிய பேச்சு பொருளுடையதாவதும் அங்குதான்.

நில உரிமை

தமிழ்நாட்டு ஊர்களில் ஆற்றோரக் குடியிருப்புகள் வருவாய்த்துறைப் பதிவேட்டின்படி மூன்று வகையான நிலங்களில் அமைந்திருக்கலாம்:

* பட்டா நிலம்: உரிமையாளர் பெயரில் பதிவாகியுள்ளது. இதனை அரசு தனிப் பேச்சுவார்த்தை மூலம் விலைக்கு வாங்க முடியும். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின்படி கட்டாயமாகவும் எடுக்க முடியும். அச்சட்டம் சந்தை மதிப்புடன் அதற்கு இணையான ஆறுதல் தொகையையும் வழங்க வகை செய்கிறது.
* நத்தம்: ஊரின் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலம். பல தலைமுறைகளாக வாழ்வோரின் உரிமை பொதுவாக ஏற்கப்படுகிறது.
* ஆறு, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு: நீர்வழிக்கென ஒதுக்கப்பட்ட அரசு நிலம். இது ஆட்சேபகரமான புறம்போக்கு என வகைப்படுத்தப்படுவதால் இதில் பொதுவாகப் பட்டா வழங்கப்படுவதில்லை.

மூன்றாம் வகை நிலத்தில் வாழ்வோரிடமிருந்து வாங்குவதற்குச் சட்டத்தின் பார்வையில் எதுவும் இல்லை. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அவர்களுக்கு அபராதம் விதிக்கலாம். அறிவிப்பு அளித்து வெளியேற்றலாம். பேச்சு வழக்கில் 'பி மெமோ' எனப்படும் அபராத அறிவிப்பையே, தாங்கள் அங்கு நீண்டகாலம் வாழ்ந்ததற்குச் சான்றாகப் பல குடும்பங்கள் பாதுகாத்து வைத்திருப்பதுண்டு. பொதுப்பணித்துறைக் கட்டுப்பாட்டிலுள்ள ஏரிகளைப் பொறுத்தவரை 2007இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

நடைபாதைவாசிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இல் அளித்த தீர்ப்பு, வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. எனினும் சட்டப்படியான அறிவிப்புடன் அகற்றுவதை அது தடுக்கவில்லை. கட்டடங்களை இடிப்பதற்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என 2024 நவம்பர் 13இல் அதே நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. ஆனால் சாலை, நடைபாதை, ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு அவை பொருந்தா என்றும் குறிப்பிட்டது. இதனால் வெள்ள இடர் மிகுந்த இடத்தில் வாழ்வோரே, வெளியேறும்போது மிகக் குறைந்த பாதுகாப்பைப் பெற்றவர்களாகவும் உள்ளனர்.

திறந்த வெளியாக வயல்

நகரங்களில் மீட்கப்படும் வெள்ளச் சமவெளி பெரும்பாலும் பூங்காவாக மாற்றப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டிய நிலம் பெரும்பகுதி நெல், வாழை, தென்னை பயிரிடப்படும் நிலமாகும். வரப்புகளுடன் கூடிய நெல் வயல் நீரைப் பரவவிட்டுத் தேக்குவதால், வெள்ளச் சமவெளியின் பணியை ஓரளவு அதுவே செய்கிறது. பயிர் ஒரு போகம் அழியலாம். வீடு இழப்பதோடு ஒப்பிடுகையில் அவ்விழப்பை ஈடுசெய்வது எளிது. ஆகவே இத்தகைய பகுதிகளில் வீடுகளை வாங்குவதற்கு இணையாக, வயல்கள் வீட்டுமனைகளாக மாறாமல் காப்பதும் முதன்மை பெறுகிறது.

வேளாண் நிலங்களை அனுமதியின்றி மனைகளாகப் பிரித்து விற்பது தொடர்பான வழக்கில், அத்தகைய மனைகளைப் பத்திரப்பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9இல் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த அரசு 2017இல் விதிகளை வெளியிட்டது. வரன்முறைப்படுத்தப்பட்ட மனையில் வீடு கட்டியவர் முழு உரிமையாளர் ஆவார். பிற்காலத்தில் அவ்வீட்டை வெள்ளப் பாதையிலிருந்து அகற்ற வேண்டுமாயின், அரசு அதற்கு முழு விலை கொடுக்க நேரிடும்.

நன்மைகளும் விமர்சனங்களும்

நன்மைகளாகப் பின்வருவன கூறப்படுகின்றன:

* ஒருமுறை செலவில் நிரந்தரத் தீர்வு கிடைக்கிறது. ஒவ்வொரு வெள்ளத்திற்கும் மீட்புப்பணியும் நிவாரணமும் தேவைப்படுவதில்லை.
* கரையை உயர்த்தினால் நீர் எதிர்க்கரைக்கோ கீழ்ப்பகுதிக்கோ தள்ளப்படலாம்; திறந்த வெளி அவ்வாறு செய்வதில்லை.
* நிலத்தடி நீர், மேய்ச்சல், வேளாண்மை முதலிய துணைப் பயன்கள் கிடைக்கின்றன.

விமர்சனங்களுள் முதன்மையானவை:

* காலத்தாழ்வு: ஐக்கிய அமெரிக்காவில் ஒரு திட்டம் முடியப் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் பலர் பழைய வீட்டையே பழுதுபார்த்துத் தங்கிவிடுகின்றனர்.
* விட்டுவிட்டு வாங்குதல்: சிலர் விற்று, சிலர் மறுத்தால் தெரு சதுரங்கப் பலகை போல ஆகிவிடும். எஞ்சிய சில வீடுகளுக்காகச் சாலை, குடிநீர், மின்சாரம் அனைத்தையும் உள்ளாட்சி தொடர்ந்து பராமரிக்க வேண்டும்.
* வாடகைதாரர்: விலை உரிமையாளருக்கே செல்கிறது. வாடகைக்கு இருப்போருக்குத் தனி ஏற்பாடு இல்லையெனில் அவர்கள் வெறுங்கையுடன் வெளியேறுவர்.
* விலை: இந்தியாவில் பத்திரப்பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு பல இடங்களில் சந்தை விலையைவிடக் குறைவு. அதன் அடிப்படையில் தரப்படும் தொகையைக் கொண்டு அதே ஊரின் மேட்டுப்பகுதியில் மனை வாங்க இயலாமல் போகலாம்.
* பராமரிப்பு: வேலியிடப்படாத, பயன்பாடு வரையறுக்கப்படாத வெற்றிடம் குப்பை கொட்டும் இடமாகவோ புதிய ஆக்கிரமிப்பாகவோ மாறுகிறது.

பிற நாட்டு அனுபவங்களையும் சென்னை அனுபவத்தையும் ஒப்பிட்டால், தேனி போன்ற மாவட்டங்களில் இம்முறை வெற்றிபெறத் தேவையானவை புலப்படுகின்றன. ஆவணம் இல்லாத குடும்பத்திற்கும் நில மதிப்பாக அல்லாவிடினும் வீட்டு மதிப்பாகவும் மாற்று மனையாகவும் ஈடு கிடைக்க வேண்டும். மாற்று இடம் அதே ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ, தோட்ட வேலைக்கும் வயல் வேலைக்கும் சென்றுவரும் தொலைவில், நீர் எட்டாத மேட்டில் அமைய வேண்டும். விடப்பட்ட நிலம் வருவாய்ப் பதிவேட்டில் நீர்வழி நிலமாகத் திருத்தப்பட்டு, பின்னர் எந்தப் பயன்பாட்டிற்கும் வகைமாற்றம் செய்யப்படாதிருக்க வேண்டும். இவற்றுள் கடைசி ஒன்றை மட்டும் நிறைவேற்றினால் நிலம் ஆற்றுக்குக் கிடைக்கும். ஆனால் அதற்கான விலையை அங்கு வாழ்ந்த ஏழைக் குடும்பங்களே செலுத்தியதாக ஆகும்.